பெயர் தெரியாத ஏழு மரங்கள்

அன்னாள் டீச்சர் வேங்கைக்கொல்லைக்கு வந்தது எழுபத்தேழாம் வருஷம், ஆனி மாதம். பஸ் பாதி மலையிலேயே நின்றுவிட்டது. மீதி ஆறு மைல், தலையில் தகரப் பெட்டியோடு நடந்தே வந்தார். நான் அந்தப் பள்ளிக்கூடத்தில் மதியச் சோறு ஆக்குகிறவன். ஓடு போட்ட ஒரே அறை, அதை ஒட்டி என் சமையல் கொட்டகை. வேர்வையைக்கூடத் துடைக்காமல் டீச்சர் என்னைக் கேட்டார்.

"புள்ளைங்க எங்கண்ணா?"

பட்டியலில் முப்பத்தொரு பேர். அன்றைக்கு வந்திருந்தது நாலு. அந்த நாலும் சோற்றுக்கு வந்தது. மறைக்காமல் சொன்னேன்.

"மத்ததுங்க ஆடு மேய்க்குதுங்க, கடுக்கா பொறுக்குதுங்க. நீங்க ஒரு மாசம் இருப்பீங்க. அப்பால லீவு எழுதிட்டு கீழ போய்டுவீங்க. முன்னாடி வந்தவரும் அப்டித்தான்."

"நான் போவ மாட்டேன்."

"எல்லாரும் அதான் சொல்றாங்க. கோதுமைச் சோறு கீது, துண்றீங்களா?"

அவருக்கு அப்போது இருபத்தாறு வயது. படவேட்டுப் பக்கம் ஒரு சின்ன ஊர். அப்பா லாசர் கொத்தனார். அம்மா சின்ன வயசிலேயே போய்ச் சேர்ந்துவிட்டார். பேசி முடித்த கல்யாணம் ஒன்று நின்றுபோயிருந்தது. அதைப் பற்றி யாராவது எடுத்தால் டீச்சர் எழுந்து வேறு வேலை பார்க்கப் போய்விடுவார். ஞாயிற்றுக்கிழமை தனியாக உட்கார்ந்து ஜெபம் சொல்வார். மற்ற ஆறு நாளும் எங்கள் பிள்ளைகள்தான் அவருக்கு எல்லாம்.

பிள்ளைகள் பள்ளிக்கூடத்துக்கு வரவில்லை என்றதும் டீச்சர் பள்ளிக்கூடத்தைத் தூக்கிக்கொண்டு பிள்ளைகளிடம் போனார். ஆடு மேய்கிற இடத்தில் பாடம். கரும்பலகை கிடையாது, பாறைதான். கரித்துண்டு நான் கொடுத்தது. ஒரு நாள் என் கொட்டகையிலிருந்து ஓட்டைச் சட்டி ரெண்டைக் கேட்காமல் எடுத்துக்கொண்டு போய்விட்டார். கோபத்தோடு பின்னால் போனேன். ஒரு சட்டியில் புல்லோடு பெயர்த்த மண், இன்னொன்றில் வெறும் மண். ரெண்டையும் சாய்த்து வைத்து ஒவ்வொரு பிள்ளையாகத் தண்ணீர் ஊற்றச் சொன்னார். புல் இருந்த சட்டியிலிருந்து தெளிந்த தண்ணீர் வடிந்தது. வெறும் மண் சட்டியிலிருந்து செந்நீராக ஓடியது.

"எந்தச் சட்டி உங்க கொல்ல?" என்று கேட்டார்.

பிள்ளைகள் மேட்டுச் சரிவில் புல்லில்லாமல் உழுது கிடந்த கொல்லைகளைத் திரும்பிப் பார்த்தன. நானும் பார்த்தேன். என் கொல்லை ரெண்டாவது சட்டி. சட்டியைத் திருப்பிக் கேட்காமல் வந்துவிட்டேன்.

அப்படித்தான் எல்லாமே. நெய் டின்னை வெட்டவெளியில் வைத்து, குச்சியில் கோடு போட்டு மழையை அளந்தார்கள். எறும்புப் புற்றுக்கு முன்னால் மண்டியிட்டு, எந்த எறும்பு எதைத் தூக்கிப் போகிறது என்று மணிக்கணக்கில் பார்த்தார்கள். இலையைக் காகிதத்துக்கு அடியில் வைத்துப் பென்சிலால் தேய்த்தால் நரம்பெல்லாம் காகிதத்தில் எழும்பி வரும். அதைச் செய்யாத பிள்ளை ஊரில் இல்லை. ரெண்டு வருஷத்தில் நாலு பேர் இருபத்தாறு பேர் ஆனார்கள். எனக்குத்தான் வேலை கூடிப்போனது.

"உங்களால நான் ரெண்டு அண்டா ஆக்கறேன்" என்றேன்.

"ரெண்டாவது அண்டாவுலயும் கல்லு கெடந்துச்சுண்ணா" என்றார்.

அந்த இருபத்தாறு பேரில் டீச்சர் உயிராக நினைத்தது குப்பன் மகள் செந்தாமரையை. தாய் இல்லாத பெண். அதனால்தானோ என்னவோ. எங்கள் ஊரில் அதுவரை எந்தப் பெண்ணும் அஞ்சாவது முடித்ததில்லை. மூணாவதோடு களை எடுக்கப் போய்விடும். செந்தாமரை நாலாவது வந்துவிட்டாள். அஞ்சாவது முடித்ததும் கீழே கன்னியாஸ்திரிகள் நடத்துகிற விடுதியில் சேர்த்து ஆறாவது படிக்க வைப்பது என்று டீச்சர் முடிவு செய்திருந்தார். அதற்குக் குப்பனைச் சம்மதிக்க வைக்க ஒரு வருஷம் நடந்தார். கடைசியில் குப்பன் இறங்கி வந்தான்.

"அஞ்சாவது பாஸ் பண்ணட்டும். அப்பால உங்க பொண்ணுன்னு இட்டுகினு போங்க" என்றான்.

டீச்சர் அன்றைக்கு என் கொட்டகைக்கு வந்து, யாரும் கேட்காமலே பாத்திரம் முழுவதையும் கழுவி வைத்தார்.

எழுபத்தொன்பது ஐப்பசியில் மரக் கணக்கு ஆரம்பித்தது. ஒவ்வொரு பிள்ளையும் ஒரு மரத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும். இலை, பூ, காய் கொண்டுவர வேண்டும். அதே மரம் அந்தப் பக்கத்தில் எத்தனை என்று எண்ண வேண்டும். கற்றாழை நாரில் சாணுக்கு ஒரு முடிச்சுப் போட்டு, மரத்தின் சுற்றளவை மாதா மாதம் அளக்க வேண்டும். இன்னொரு பிள்ளை எடுத்த மரத்தை எடுக்கக் கூடாது. புளி, பலா, வேங்கை, நாவல், கடுக்காய், நெல்லி எல்லாம் முதல் நாளே போய்விட்டது. செந்தாமரைக்குக் காய்ச்சல். மூன்று நாள் கழித்து வந்தவளுக்கு மரமே மிச்சமில்லை. அழுதுகொண்டே வீட்டுக்குப் போனாள். மறுநாள் ஒரு கொத்து இலை கொண்டுவந்தாள். நடுவில் மிளகு மாதிரி கறுத்த பழம் ரெண்டு.

"எங்க சாமைக் கொல்லைக்குப் பின்னால கீது டீச்சர். ஏழு கீது. யாருமே எடுக்கல."

டீச்சர் அந்தக் கொத்தை என்னிடம் எடுத்து வந்தார். நான் அண்டாவைக் கிளறிக்கொண்டிருந்தேன்.

"இது இன்னா மரம்ணா?"

பார்த்ததும் தெரிந்தது. சந்தனம்.

எங்கள் மலையில் அந்த மரத்துக்கென்று ஒரு நடப்பு இருந்தது. வெளியாள் முன்னால் அதன் பெயரைச் சொல்ல மாட்டோம். கை நீட்டிக் காட்ட மாட்டோம். எண்ண மாட்டோம். அது எவன் நிலத்தில் முளைத்தாலும் சர்க்கார் சொத்து. திருட்டு வெட்டு விழுந்தால் நிலத்துக்காரன்தான் பதில் சொல்ல வேண்டும். அதனால் குருவி எச்சத்தில் முளைத்த கன்றைக் கண்டால் களையோடு களையாகப் பிடுங்கிப் போட்டுவிடுவோம். பிடுங்க மனசு வராதவன் விட்டுவிட்டு, அப்படி ஒன்று தன் கொல்லையில் இல்லவே இல்லை என்று இருந்துவிடுவான். குப்பன் அப்படி விட்டவன். சின்னப் பிள்ளைகளுக்கு மரத்தின் பெயரைச் சொல்லித் தருவதில்லை, எங்காவது வாய் தவறிவிடும் என்று. செந்தாமரைக்கு அது கறுப்புப் பழ மரம், அவ்வளவுதான். டீச்சருக்குச் சந்தனக் கட்டை தெரியும். கட்டையைத் தெரிந்த கீழ்நாட்டுக்காரர்களுக்கு இலையைத் தெரியாது.

"அது ஒன்னுத்துக்கும் ஆவாத செடி. தூக்கிப் போடுங்க" என்றேன்.

"பேரு?"

"பேரெல்லாம் ஒன்னும் இல்ல."

"ஒன்னுத்துக்கும் ஆவாததுன்னு எதுவும் இல்லண்ணா. பேரு தெரியாததுன்னு எழுதிக்கறேன்."

அப்போதே சொல்லியிருக்கலாம். ரெண்டு வருஷம் என் கையால் சாப்பிட்டவர். என் சின்னவனுக்கு அம்மை போட்டபோது கூடவே உட்கார்ந்திருந்தவர். இருந்தாலும் கீழ்நாட்டுக்காரர். என் வாய் திறக்கவில்லை. குப்பனிடமாவது போய்ச் சொல்லியிருக்கலாம். பிள்ளைகள் விளையாட்டுத்தானே, பள்ளிக்கூடச் சுவரில் ஒட்டுவதோடு போய்விடும் என்று விட்டுவிட்டேன். அந்த மாதங்களில் குப்பன் பகலெல்லாம் கடுக்காய் பொறுக்கக் காட்டுக்குப் போய்விடுவான், மகள் நார் பிடித்து அளப்பதை அவன் பார்க்கவே இல்லை.

சுவரோடு போகவில்லை. நாலு அட்டையை ஒட்டிப் பெரிய படமாகச் செய்தார்கள். நடுவில் எங்கள் ஊர், ஓடை, கொல்லைகள், பாதை, பாறை எல்லாம் பிள்ளைகள் வரைந்தது. சுற்றிலும் காய்ந்த இலைகளை ஒட்டி, ஒவ்வொன்றுக்கும் கீழே எழுதியிருந்தது. ஒரு மூலையில் இப்படி இருந்தது: "செந்தாமரை, நான்காம் வகுப்பு. பெயர் தெரியாத மரம். ஏழு. குப்பன் சாமைக் கொல்லைக்குப் பின்புறம்." இலையிலிருந்து அந்த இடத்துக்குச் சிவப்பு மையில் ஒரு கோடு.

தை மாதம் ஜமுனாமரத்தூரில் பள்ளிக்கூடங்களுக்கெல்லாம் கண்காட்சி வைத்தார்கள். எங்கள் படத்துக்கு முதல் பரிசு, ஒரு பூமி உருண்டை. செந்தாமரை அதை இடுப்பில் குழந்தை மாதிரி வைத்துக்கொண்டு நடந்தாள். வேறு யாரையும் தொட விடவில்லை. படம் மட்டும் அங்கேயே இருந்தது. நாலு பேர் பார்க்கட்டும், ஒரு மாதம் இருக்கட்டும் என்று கேட்டு வாங்கிக்கொண்டார்கள். சந்தை நாளில் போகிற வருகிறவன் எல்லாம் அதைப் பார்த்தான். அதில் எவன் இலையைப் பார்த்து மரத்தைத் தெரிந்துகொண்டான் என்று எங்களுக்கு இன்றுவரை தெரியாது.

மாசி மாதம் ஒரு நாள் காலையில் குப்பன் கொல்லைக்குப் பின்னால் ஏழு குழி இருந்தது. வெட்டவில்லை, வேரோடு தோண்டி எடுத்திருந்தார்கள். வேரில்தான் வாசம் அதிகம். குப்பன் யாரிடமும் புகார் சொல்லவில்லை. எங்கள் ஆட்கள் எதைச் செய்வார்களோ அதையே செய்தான். ஏழு குழியையும் மூடி, மேலே சாணியும் சருகும் கொட்டி எருமேடு ஆக்கினான். செந்தாமரையைக் கூப்பிட்டு, "அங்க மரமே இல்ல. எப்பவுமே இல்ல" என்றான். ஊருக்கு அது அன்றைக்கே தெரியும். டீச்சருக்கு மட்டும் தெரியாது.

அந்த மாத அளவைக்குப் பிள்ளைகள் நாரை எடுத்துக்கொண்டு ஓடின. செந்தாமரை பூமி உருண்டையைச் சுற்றிவிட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"நீ அளக்கப் போவலையா?"

"கால் வலிக்குது டீச்சர்."

பத்து நாள் கழித்து காட்டிலாகா ஜீப் வந்தது. காக்கி உடுப்பில் மூன்று பேர். பெரியவர் அக்குளில் எங்கள் படம் சுருட்டி இருந்தது. குப்பனை அவன் கொல்லையிலிருந்தே கூட்டிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்கு வந்தார்கள். அந்தப் பெரியவர் கத்தவில்லை, அடிக்கவுமில்லை. படத்தை டீச்சர் மேசைமேல் விரித்தார்.

"உன் கொல்லையில ஏழு மரம் இருந்துச்சாடா?"

"இல்லீங்க சாமி. எப்பவும் இல்லீங்க."

அவர் செந்தாமரையைக் கிட்டே கூப்பிட்டார். "பாப்பா, இது உன் பேரு தானே? இந்த எலை எங்கேருந்து கொண்டாந்த?"

செந்தாமரை அப்பாவைப் பார்த்தாள். "தெரியாதுங்க."

"இது இன்னா எலை?"

"தெரியாதுங்க."

மற்ற இலைகளைக் காட்டிப் பக்கத்துப் பையனைக் கேட்டார். அவனும் தெரியாதுங்க என்றான். அதற்கடுத்த பெண்ணும் அப்படியே. இலையைக் கண்ணை மூடித் தடவியே பெயர் சொல்கிற பிள்ளைகள். வரிசையாக இருபத்தாறும் தெரியாதுங்க என்றன. டீச்சர் முகம் சிவந்துவிட்டது. பிள்ளைகள் பயந்துபோய்ப் பொய் சொல்கிறார்கள் என்று நினைத்தார்.

"இது சந்தனம்மா. தெரியாதா உங்களுக்கு?" என்று பெரியவர் கேட்டார். "ஏழும் போயிடுச்சு. இவன் இருந்ததே இல்லன்றான். நீங்க சொல்லுங்க. இருந்துச்சா?"

நான் கொட்டகை வாசலில் நின்றேன். டீச்சர் என் பக்கம் பார்த்தபோது தலையை அசைத்தேன். இல்லை என்று சொல்லுங்கள், பிள்ளை தப்பாக எழுதிவிட்டது என்று சொல்லுங்கள் என்பது அதற்கு அர்த்தம். அவருக்கு அது புரியவில்லை. புரிகிற மாதிரி முன்னாலேயே ஒருவரும் அவருக்கு எதையும் சொல்லி வைக்கவில்லையே.

"இருந்துச்சு சார்" என்றார். "போன மாசம் வரைக்கும் ஏழும் இருந்துச்சு. நானே கூடப் போய் அளந்தேன். எவனோ திருடிட்டான் சார். இவரு பாவம்." அலமாரிக்கு ஓடி நோட்டை எடுத்துவந்தார். நாலு மாத அளவு, சாண் கணக்கில், செந்தாமரை கையெழுத்தில். உண்மையைச் சொன்னால் குப்பன் தப்பித்துவிடுவான் என்று நம்பினார்.

பெரியவர் நோட்டைப் புரட்டிவிட்டுக் குப்பனைப் பார்த்தார். "ஏழு குழியையும் மூடி எரு கொட்டி வெச்சிருக்க. மரமே இல்லன்ற. திருட்டுப் போனவன் செய்யற காரியமாடா இது?"

குப்பன் நிமிர்ந்தான். டீச்சரை ஒரு முறை பார்த்தான். நோட்டின் கடைசிப் பக்கத்தில் டீச்சரிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு, குப்பனை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். செந்தாமரை ஜீப் பின்னாலேயே ஓடினாள். திரும்பிப் பள்ளிக்கூடத்துக்கு வரவில்லை.

பிள்ளைகள் கலைந்து போன பிறகு டீச்சர் கொட்டகைக்கு வந்தார். அன்றைக்கு ஆக்கிய சோறு அப்படியே இருந்தது.

"அது இன்னா மரம்னு உங்களுக்குத் தெரியும் இல்லண்ணா?"

"தெரியும்."

"எல்லாருக்கும் தெரியுமா?"

"பெரியவங்க எல்லாருக்கும்."

"ரெண்டரை வருசமா அண்ணான்னு கூப்ட்டேன்" என்றார். அப்புறம் போய்விட்டார். அதற்குப் பிறகும் அண்ணா என்றுதான் கூப்பிட்டார். கூப்பிடும்போது என் முகத்தைப் பார்த்ததில்லை.

குப்பன் பதினாலு மாதம் உள்ளே இருந்தான். டீச்சர் மூன்று தடவை வேலூர் ஜெயிலுக்குப் போய் மனு எழுதிக் கொடுத்துக் காத்திருந்தார். மூன்று தடவையும் அவன் பார்க்க வரவில்லை. செந்தாமரையைக் குப்பனின் அக்கா பாஞ்சாலை தன் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டாள். டீச்சர் சனிக்கிழமைதோறும் அங்கே போனார். பாஞ்சாலைக்குக் கூர்மையான வாய்.

"வாங்க டீச்சரம்மா. இன்னிக்கு இன்னா எண்ணப் போறீங்க? ஆட்டையா, எங்களையா?"

"புள்ளைய மட்டும் அனுப்புங்க. அஞ்சாவது இன்னும் ஒரு வருசம்தான்."

"எழுதக் கத்துக் குடுத்தீங்க. அது எழுதுன எழுத்துல அவங்கப்பன் உள்ள பூட்டான். இன்னும் ஒரு வருசம் படிச்சா யாரு போவணும்?"

செந்தாமரை ஆட்டுப் பட்டிக்குப் பின்னால் ஒளிந்துகொள்வாள். டீச்சர் சிலேட்டும் பலப்பமும் வைத்துவிட்டு வருவார். அடுத்த சனிக்கிழமை அது வைத்த இடத்திலேயே இருக்கும்.

பள்ளிக்கூடத்தில் இருபத்தாறு ஒன்பது ஆனது. வந்த ஒன்பதும் சுவரைப் பார்த்து உட்கார்ந்து புத்தகத்தைப் படித்தன. டீச்சர் ஒரு நாள் எறும்புப் புற்றுக்குக் கூட்டிக்கொண்டு போனார். எந்தப் பிள்ளையும் குனியவில்லை. எண்ணச் சொன்னார், எண்ணவில்லை. பூமி உருண்டையை டீச்சர் துணி போட்டு மூடி வைத்துவிட்டார். செந்தாமரை பெயரை மட்டும் பட்டியலிலிருந்து எடுக்கவில்லை. தினமும் கூப்பிடுவார். பதில் வராது, அடுத்த பெயருக்குப் போவார்.

எண்பத்தொன்று சித்திரையில் குப்பன் வந்தான். ஆள் பாதியாகியிருந்தான், ஓயாத இருமல். வைகாசியில் குடகுக்குக் காப்பித் தோட்ட வேலைக்கு ஆள் பிடிக்க மேஸ்திரி வந்தபோது, குப்பன், பாஞ்சாலை, செந்தாமரை மூன்று பேரும் லாரி ஏறிவிட்டார்கள். டீச்சர் ஊரில் இல்லை, அப்பாவைப் பார்க்கக் கீழே போயிருந்தார். திரும்பி வந்ததும் விஷயத்தைக் கேட்டுவிட்டு, "எந்தத் தோட்டம்?" என்று மட்டும் கேட்டார்.

அது தெரிய எட்டு மாதம் ஆனது. தை விடுமுறையில் கிளம்பினார். தனியாக அனுப்ப மனசில்லாமல் நானும் என் வீட்டுக்காரியும் கூடப் போனோம். கூட வராதீர்கள் என்று சொல்வார் என்று நினைத்தேன், சொல்லவில்லை. ரயில், பஸ், அப்புறம் நடை. பையில் அஞ்சாம் வகுப்புப் புத்தகங்கள், விடுதியில் இடம் கிடைத்த கடிதம். அஞ்சாவதை அங்கேயே முடிக்கலாம் என்று கன்னியாஸ்திரிகள் ஒப்புக்கொண்டிருந்தார்கள். வழியெல்லாம் அந்தக் கடிதத்தை எடுத்து எடுத்துப் பார்த்தார்.

குப்பன் கூலிக்காரர்களின் லைன் வீட்டு வாசலில் சாக்கைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தான். டீச்சரைப் பார்த்ததும் எழுந்திருக்கப் பார்த்தான். முடியவில்லை.

"இம்மாந்தூரம் வந்தீங்களா" என்றான்.

டீச்சர் கடிதத்தைப் படித்துக் காட்டினார். குப்பன் முழுசும் கேட்டான்.

"உங்க மேல கோவமெல்லாம் இல்லீங்க டீச்சர். மொதல்ல இருந்துச்சு. இப்ப இல்ல. நெசத்ததான் சொன்னீங்க." இருமி முடித்துவிட்டுச் சொன்னான். "ஆனா என்னால வேலை செய்ய முடியல. அவ வேலைக்குப் போறதாலதான் இந்த ரூமு. அவள இட்டுகினு போனா நான் எங்க போவேன்? அக்கா ஒருத்தி கூலி பத்தாதுங்க."

டீச்சர் கடிதத்தை மடித்துப் பையில் வைத்தார். "அவளப் பாத்துட்டாவது போறேன்" என்றார்.

சரிவில் பெண்கள் வரிசையாகப் பழம் பறித்துக்கொண்டிருந்தார்கள். செந்தாமரை வளர்ந்திருந்தாள். இடுப்பில் சாக்கு கட்டி, விரலெல்லாம் கறுத்துப் போயிருந்தது. டீச்சர் அவளுக்குப் பக்கத்துச் செடிக்கு வந்து நின்றார். அவள் பார்த்தாள். கை நிற்கவில்லை.

"செந்தாமரை, நல்லா கீறியாம்மா?"

"நல்லா கீறேன் டீச்சர்."

"புக்கு கொண்டாந்திருக்கேன். சாயங்காலம் படிக்கறியா? நான் லெட்டர் போடறேன். நீ பதில் எழுது. அது போதும்."

செந்தாமரை தலையை ஆட்டினாள். வேண்டாம் என்றுதான்.

"நான் எதையும் எழுத மாட்டேன் டீச்சர்" என்றாள். கோபம் இல்லாமல், வீட்டு விஷயம் சொல்கிற மாதிரி சொன்னாள். அப்புறம் மேட்டைப் பார்த்துக் குரலைத் தாழ்த்தினாள். "மேஸ்திரி பாக்கறாரு. போங்க டீச்சர்."

டீச்சர் போகவில்லை. புத்தகப் பையை மாரோடு பிடித்துக்கொண்டு அங்கேயே நின்றார். மேஸ்திரி விசில் ஊத, வரிசை அடுத்த சரிவுக்கு நகர்ந்தது. எல்லாருக்கும் ஒரே சாக்கு, ஒரே முக்காடு. கொஞ்ச நேரத்தில் அதில் எது செந்தாமரை என்று எனக்குத் தெரியவில்லை. டீச்சருக்குத் தெரிந்திருக்கும். அவர் ஒரே இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். என் வீட்டுக்காரி கையைப் பிடித்து இழுக்கிறவரை பார்த்துக்கொண்டிருந்தார்.